அமெரிக்காவில் கடை வாங்கப் போகிறீர்களா? வில்லங்கம் இங்கே பெயரில் இருக்கிறது

டெக்சாஸுக்கு வந்து நாலைந்து வருடம் கணினி முன்னால் உட்கார்ந்து அலுத்துப்போய், ‘ஒரு மளிகைக் கடையை எடுத்து நடத்தினால் என்ன’ என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்திர எழுத்தரின் மகன். அருப்புக்கோட்டையில் அப்பாவின் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். முப்பது வருட வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். அப்படிப்பட்ட நான் இர்விங்கில் 17,300 டாலரைக் கோட்டைவிட்டேன்.

கடை விற்றவர் நம் பக்கத்துக்காரர். முதல் சந்திப்பிலேயே “தம்பி, நமக்குள் என்ன எழுத்து” என்றார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனாலும் அப்பாவின் மகன் அல்லவா, கடன்களுக்கு ஈடு வைத்த பொருள்களின் பதிவேட்டை வைத்திருக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடித்தான் பார்த்தேன். பெயர்ப் பலகையில் இருந்த கடைப் பெயரைப் போட்டேன்; ஒன்றும் இல்லை. அவர் பெயரைப் போட்டேன், ஒன்றும் இல்லை. சுத்தமான சொத்து என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக் காசோலை எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. இட்லி மாவுக்கு வரிசை நிற்கிற நேரம். டை கட்டிய ஒருவர் நேராகப் பின்னால் போய், வாக்-இன் கூலரின் (ஆள் உள்ளே நுழைகிற அளவு குளிர்பெட்டி) பக்கவாட்டில் குனிந்து, செல்போன் விளக்கை அடித்து, வரிசை எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். விற்றவர் அந்தக் கூலரையும் மூன்று ஃப்ரீசரையும் ஈடு காட்டிக் கடன் வாங்கியிருக்கிறார். கடையை விற்ற மாதமே தவணையை நிறுத்திவிட்டார். தொலைபேசியில் பிடித்தபோது “அது பழைய கணக்கு தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

ஏன் எனக்குத் தெரியாமல் போனது? நம் ஊரில் நகையை அடகு வைத்தால் அது அடகுக் கடைப் பெட்டிக்குள் போய்விடும். இங்கே ஈடு வைத்த பொருள் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும். கடன் கொடுத்தவர் யூ.சி.சி.-1 என்ற படிவத்தை அந்த மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவைப்பார் (யூ.சி.சி. என்பது இங்குள்ள பொது வணிகச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்). பொருளை விற்றாலும், கடன் கொடுத்தவர் சம்மதிக்காதவரை, பிணை அதன் கூடவே போகும். (கடையில் அரிசி வாங்குகிற வாடிக்கையாளருக்கு இந்தப் பயம் இல்லை, வழக்கமான வியாபாரத்தில் வாங்குகிறவரைச் சட்டம் காப்பாற்றுகிறது. கடையையே வாங்குகிறவரை அல்ல.) கார், வேன் என்றால் உரிமைச் சான்றிதழிலேயே கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும், நம் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாத்திகேஷன் போடுவது போல. ஃப்ரீசருக்கு அப்படி எதுவும் கிடையாது.

நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கும்போது சர்வே எண்ணைக் கொடுக்கிறோம். ஆள் மாறினாலும் நிலம் நகராது, எண் மாறாது. யூ.சி.சி. பதிவேட்டில் பொருளை வைத்துத் தேட முடியாது. கடனாளியின் பெயர்தான் சாவி. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பெயரை வைத்தா? நம் ஆட்கள் பெயரை வைத்தா?” என்று சிரித்துவிட்டார்.

விற்றவரின் உண்மைப் பெயர் வேண்டாம். முருகேசன் மகன் செல்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மு. செல்வம். கடவுச்சீட்டில் ‘செல்வம் முருகேசன்’ முழுவதையும் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். நம்மில் ஏராளமானவர்கள் செய்கிற காரியம். அமெரிக்க விசாவில் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு சொல்லும் சேர்ந்து குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அவருடைய ஓட்டுநர் உரிமத்திலும் அது அப்படியே ஏறியிருந்தது.

2013 ஜூலையில் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, தனிநபருடைய பெயரைக் காலாவதியாகாத ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே பதிய வேண்டும். டெக்சாஸிலும் அதுதான் விதி. கடன் கொடுத்தவர் ஒழுங்காக அப்படியே பதிந்திருந்தார். நான் ‘முருகேசன்’ என்று குடும்பப் பெயர்க் கட்டத்திலும் ‘செல்வம்’ என்று முதல் பெயர்க் கட்டத்திலும் போட்டுத் தேடினேன். கணினிக்கு அது வேறொரு மனிதர். கடைப் பெயரில் தேடியதும் வீண்; தனிநபர் நடத்தும் கடைக்கு வெறும் வணிகப் பெயரில் செய்த பதிவு செல்லவே செல்லாது என்பதால் யாரும் அதில் மட்டும் பதிவதில்லை.

ஆகவே விற்பவரின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி முன்னும் பின்னும் நகல் எடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். “என் மேல் நம்பிக்கை இல்லையா” என்பார். இல்லை என்று சொல்லிவிடுங்கள். பெயர் அதில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே தேடுங்கள். பிறகு திருப்பிப் போட்டும், முதலெழுத்தோடும், பழைய உரிமத்தில் வேறு பெயர் இருந்தால் அதிலும் தேடுங்கள். பெண்கள் பெயரில் கடை இருந்தால் அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையும் விடாதீர்கள். பெயர் மாறிய பிறகும், மாறுவதற்கு முன் வாங்கிய பொருள்கள் மேல் பழைய பதிவு நிற்கும்.

கடை எல்.எல்.சி.யாக (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக) இருந்தால், அது உருவாக்கப்பட்ட மாநிலத்தில் தேட வேண்டும். கடை இர்விங்கில் இருக்கும், எல்.எல்.சி. டெலவேரில் பிறந்திருக்கும். பெயரை நிறுவனப் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி, புள்ளி, சுருக்கம் உட்பட எழுத வேண்டும். ஃபுளோரிடாவில் ‘புலவார்ட்’ என்ற சொல்லைச் சுருக்கி எழுதியதற்காக ஒரு வங்கி மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தோற்றது. ஆனால் மத்திய வரித்துறைக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது என்று 2005இல் மிச்சிகன் வழக்கு ஒன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் சுருக்கி எழுதியிருந்தாலும் வரி பாக்கிக்காகப் போட்ட பிணை நிற்கும். எனவே சுருக்கங்களிலும் தேடுங்கள்.

மற்றவை வேகமாக. தேடல் முடிவில் ‘இந்தத் தேதி வரை’ என்று இருக்கும். அதற்குப் பிந்தைய பதிவுகள் அதில் இருக்காது, பணம் கைமாறும் நாளில் இன்னொரு முறை பாருங்கள். பதிவுக்கு ஆயுள் ஐந்து வருடம், கடைசி ஆறு மாதத்தில் நீட்டிக்கலாம். பழையது என்று அலட்சியம் வேண்டாம். விற்பவரே இன்னொருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய பொருள் என்றால் அந்த முந்தைய உரிமையாளர் பெயரிலும் தேடுங்கள். கடன் இருந்தால் பாக்கித் தொகைக் கடிதத்தை வாங்கி, உங்கள் பணத்தை நேராகக் கடன் கொடுத்தவருக்கே அனுப்புங்கள்.

நான் வழக்கறிஞரிடம் போனேன். விற்றவர் மேல் வழக்குப் போடலாம், ஆனால் ஆள் வேறு மாநிலம், செலவு அதிகம் என்றார். கூலரைத் தூக்கிக்கொண்டு போனால் கடையே நின்றுவிடும். பாக்கியைக் கட்டினேன்.

கட்டினால் பதிவு தானாக நீங்கிவிடும் என்று நினைத்தது என் இரண்டாவது மடத்தனம். வணிகக் கடன்களில் நாம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். கேட்ட 20 நாளுக்குள் யூ.சி.சி.-3 என்ற ரத்துப் படிவத்தை அவர்கள் பதிய வேண்டும் அல்லது நமக்கு அனுப்ப வேண்டும். தவறினால் நட்டத்தோடு 500 டாலரும் கேட்கலாம். வந்த படிவத்தில் பதிவு எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கடனை அடைத்தபோது, சம்பந்தமில்லாத 150 கோடி டாலர் கடனின் எண்ணும் ரத்துப் படிவங்களில் நுழைந்துவிட்டது. பெரிய பெரிய வழக்கறிஞர்கள் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. 2015இல் நீதிமன்றம், பதிந்தது பதிந்ததுதான் என்றது.

எனக்குப் படிவம் பதினெட்டாம் நாள் வந்தது. அதை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதில் உன் பெயரே இல்லையே” என்றார். இருக்காது, கடனாளி அவர்தான் என்றேன். “பணம் கட்டியது நீ” என்றார். கூலர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இட்லி மாவு கேட்டு யாரோ மணியடித்தார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.