வெளிநாட்டில் சாப்பாடு: குமரி மாவட்டத்துப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை உணவகத்தில் 'அம்புல் தியல்' என்று கேட்டதும் நாகர்கோவில்காரருக்கு உள்ளித்தீயல்தான் நினைவுக்கு வரும். வறுத்தரைத்த தேங்காய்க் குழம்பு வரும், சோற்றில் விட்டுப் பிசையலாம் என்று காத்திருந்தால் வருவது குழம்பே இல்லாத மீன் துண்டுகள். சூரை மீனைக் கட்டியாக வெட்டி, கொறுக்காய்ப்புளி விழுதும் நல்லமிளகும் புரட்டி, நீர் சுண்டும்வரை வேகவைத்தது அது. அந்தப் புளி நம் குடம்புளியின் இனம்தான். நல்ல சாப்பாடு, தீயலை எதிர்பார்த்து உட்கார்ந்ததுதான் பிழை.

பெயரைக் கேட்டே ருசியை முடிவு செய்வதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. இத்தாலியில் 'பெப்பரோனி' பீட்சா கேட்டால் குடைமிளகாய் போட்டது வரும், ஏனென்றால் அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். 'லாத்தே' என்று மட்டும் சொன்னால் வெறும் பால் கிடைக்கும். சீனாவில் கோபி மஞ்சூரியனைத் தேட வேண்டாம். அது இந்தியாவில் பிறந்த பலகாரம். எதையும் கேட்பதற்கு முன் மூன்றை விசாரியுங்கள்: எதில் செய்தது, குழம்பாக வருமா வறண்டு வருமா, சோறு கூட வருமா.

சைவம் சாப்பிடுகிறவர்கள் படுகிற பாடு இதைவிடப் பெரிது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். கிழக்கே பல நாடுகளில் மீன் ஒரு கறி மட்டுமல்ல, உப்பைப்போல ஒரு சுவைச்சரக்கு. இலங்கையின் தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசி இடித்துப் போடுவது வழக்கம். சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. அதே சூரையை ஜப்பானியர்கள் கட்டைபோலக் காயவைத்து, சீவல் சீவலாகச் சீவி வெந்நீரில் இட்டு 'டாஷி' என்ற சாறு எடுக்கிறார்கள். சோயா விழுதில் செய்யும் மீசோ சூப்பும் ஊடோன் நூடுல்ஸ் சாறும் பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகின்றன. கிண்ணத்தில் ஒரு மீன் துண்டுகூடத் தெரியாது. தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாறான 'நாம் பிளா'வும் உணக்க இறாலும் சேரும். மலேசியாவில் கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்குவதில் இறால் விழுதான 'பெலாச்சான்' கலந்திருக்கும்; நாசி லெமாக் சோற்றோடு வைக்கும் சம்பலில் நெத்தோலியே கிடக்கும்.

ஆகவே மீன் சாறு, இறால் விழுது, மீன் தூள் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். அந்த நாட்டு மொழியிலேயே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது நல்லது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், சுத்த சைவம் என்று பொருள்படும் 'ஜே' என்று போட்ட கடை தெரிந்தால் தைரியமாக நுழையலாம். அங்கே மீன் சாறும் முட்டையும் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. வியட்நாமில் அதற்குரிய சொல் 'சாய்'. இத்தாலியில் இன்னொரு சிக்கல்: உண்மையான பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். வெறும் தக்காளிப் பாஸ்டாவின் மேலும் அதைத் துருவிப் போடுவார்கள்.

சோறு விஷயத்தில் நமக்குப் பிடிவாதம் அதிகம். சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் பழகிய வாய்க்கு வளைகுடாவின் இறைச்சிச் சோறுகளான கப்ஸாவும் மந்தியும் வறண்டு தோன்றும். மந்தியில் இறைச்சியின் நெய்யும் ஆவியும் சோற்றில் இறங்குவதுதான் ருசியே. அதன்மேல் குழம்பை ஊற்றினால் அந்த மணம் போய்விடும். காரம் வேண்டுமென்றால் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த 'தக்கூஸ்' கேளுங்கள். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் ஒட்டும் அரிசியைக் கையால் உருட்டி, கறியில் தொட்டுத்தான் தின்பார்கள். மரச்சீனியை மீன்கறியில் தொட்டுத் தின்கிற நமக்கு இது சொல்லித்தர வேண்டாத பழக்கம்.

"நாம் தின்னாத காரமா" என்ற நினைப்பும் ஆபத்தானது. தாய்லாந்துச் சமையலில் போடும் சின்னஞ்சிறு மிளகாய் நம் காந்தாரிபோல உறைக்கும், அதையும் பச்சையாகவே இடித்துப் போடுவார்கள். சீனாவின் சிச்சுவான் உணவில் நாக்கை மரக்கவைப்பது மிளகாயே அல்ல, வேறொரு மரத்தின் காய்த்தோல். தண்ணீர் குடித்தால் அது போகாது, சிறிது நேரத்தில் தானே அடங்கும். தாய்லாந்தின் டாம் யம் சூப்பில் மிதக்கும் எலுமிச்சைப்புல் தண்டையும் சித்தரத்தை போன்ற கிழங்கையும் மெல்லக் கூடாது. கறிவேப்பிலைபோல ஒதுக்கிவிட வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'கோப்பி' என்று மட்டும் கேட்டால் கட்டிப்பால் போட்டு இனிப்பாகத் தருவார்கள். பால் வேண்டாம், சீனி மட்டும் போதும் என்றால் 'கோப்பி ஓ'. இரண்டும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. சிங்கப்பூரில் இனிப்பு குறைய 'சியூ டாய்' என்று சேர்த்துச் சொன்னால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சொற்களை விமானம் ஏறுமுன்னே மனப்பாடம் செய்யட்டும்.

நேரம் தவறினாலும் பட்டினிதான். பிரான்சிலும் இத்தாலியிலும் பல உணவகங்கள் மதியம் 2.30-க்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டு, இரவு 7 மணிக்கு மேல்தான் திறக்கும். 3 மணிக்குச் சோறு தேடி அலைவதைவிட 12.30-க்கே உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டுச் சாப்பாடு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போவது. இதில் சில பொருட்கள் நம்மை வம்பில் மாட்டிவிடும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த கறி மசாலாவில் அது கலந்திருந்தாலும் சிக்கல்தான், எனவே போடாமல் அரையுங்கள். கொப்பரை எண்ணெய்ப் பசை மிகுந்து தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது; விமானப் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். ஊறுகாயும் தேங்காயெண்ணெயும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் செல்லாது, சரக்குப் பெட்டியில் இரட்டை உறையிட்டு வையுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கருவாடோ ஏத்தங்காய் சிப்ஸோ எது இருந்தாலும் வருகை அட்டையில் 'உணவு உண்டு' என்றே குறிக்க வேண்டும். சொல்லிக் காட்டினால், ஆகாததை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அங்கேயே அபராதம் கட்ட வேண்டிவரும்.