தெருக்குப்பை உறிஞ்சும் மிஷினுக்கு ஹோஸ் போடுவது: அடைக்காமல் ஓட என்ன செய்ய வேண்டும்

சந்தை முடிந்த தெருவில் விட்டால் அரை மணி நேரத்துக்கு நாலு தடவை அடைத்துக்கொண்ட மிஷின் இது. இப்போது ஒரு தெருவை முழுசாக முடித்துவிட்டுத்தான் நிற்கிறது. எஞ்சினை மாற்றவில்லை, ப்ளோயரையும் (காற்றை இழுக்கிற விசிறி) மாற்றவில்லை. மாற்றியது ஹோஸையும் அதன் இரண்டு முனைகளையும் மட்டும்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது கோயம்புத்தூரில் சின்னப் பட்டறை. செய்த மிஷினும் எளிமையானதுதான்: தள்ளுவண்டி, அதில் 5 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், ப்ளோயர், 200 லிட்டர் டிரம். குப்பை டிரம்முக்குள் விழுந்துவிடும், காற்று மட்டும் வலையைத் தாண்டி ப்ளோயருக்குப் போகும். பெல்ஜியத்துக் குளுட்டன் மிஷினைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும், அதில் 240 லிட்டர் சக்கரத் தொட்டியை அப்படியே உள்ளே வைத்துவிடுகிறார்கள். இந்த அளவுக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஹோஸுக்கு வருகிறேன். டிரம் ஒடுங்காமல் இருக்க உள்ளே வளையம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: முதலில் குப்பையை அளங்கள்

ஹோஸ் கடைக்குப் போவதற்கு முன்னால், எந்தத் தெருவில் ஓட்டப் போகிறீர்களோ அங்கே ஒருநாள் குப்பையைக் கொட்டி டேப் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் டீ கப், பான் மசாலா பாக்கெட், கேரி பேக், வாழை இலைத் துண்டு, பூ நார், மாங்கொட்டை, அப்புறம் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டில்தான் பெரிய ஆள். சுமார் 75 மி.மீ. தடிமன், 270 மி.மீ. நீளம்.

75 மி.மீ. பாட்டிலுக்கு 4 இன்ச், அதாவது 100 மி.மீ. ஹோஸ் தாராளம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நேராக இருந்தால் தாராளம்தான். வளைவில்தான் வில்லங்கம். நீளமான பொருள் வளைவுக்குள் திரும்பும்போது அதன் நடு வயிறு உள்பக்கத்திலும் இரண்டு முனைகளும் வெளிப்பக்கத்திலும் முட்டும், தெரு முனையில் லாரி திரும்புகிற கதை. காகிதத்தில் வரைந்து கணக்குப் போட்டேன். 100 மி.மீ. ஹோஸில் இந்தப் பாட்டில் போக வளைவின் உள் ஆரம் சுமார் 277 மி.மீ. இருக்க வேண்டும். 125 மி.மீ. ஹோஸில் 82 மி.மீ. இருந்தாலே போய்விடும். விட்டத்தில் ஒரு இன்ச் கூட்டினால் வளைவுக்கு இவ்வளவு சலுகை கிடைக்கிறது. கையில் பிடித்து ஆட்டுகிற ஹோஸை யாரும் 277 மி.மீ. ஆரத்துக்குப் பார்த்துப் பார்த்து வளைக்கப் போவதில்லை. அதனால் 4 இன்ச்சை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

படி 2: பெரிசா இருந்தா நல்லா இழுக்குமா?

இழுக்காது. குப்பையைக் கொண்டுபோவது காற்றின் வேகம். உலர்ந்த சருகு, காகிதத்துக்கு வினாடிக்கு 20 மீட்டர் போதும், ஈரமும் மண்ணும் கலந்தால் 25க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 125 மி.மீ. ஹோஸில் 25 மீட்டர் வேகம் வர மணிக்குச் சுமார் 1,100 கன மீட்டர் காற்று வேண்டும், ப்ளோயர்காரர்கள் பேச்சில் 650 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). இதே காற்றை 150 மி.மீ. ஹோஸில் விட்டால் வேகம் 17 மீட்டர் சுமாருக்கு இறங்கிவிடும். ஹோஸ் அகலமானதால் ப்ளோயர் கொஞ்சம் கூடுதலாகக் காற்று தரும், ஆனால் விட்ட வித்தியாசத்தை ஈடுகட்டுகிற அளவுக்குத் தராது. வாயில் காகிதம் ஜோராக உள்ளே போகும், மேலே ஏறும் இடத்தில் மாங்கொட்டை கீழே உருண்டு வரும்.

வேகத்தை அளக்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. உள்ளே தண்ணீர் தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் டியூபை U மாதிரி வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ஹோஸ் அளவுக்கே நேரான பி.வி.சி. துண்டு ஒன்றை ஹோஸ் வாயில் மாட்டி, அதன் வாயைச் சுற்றி லேசாகக் காற்றடித்த சைக்கிள் டியூபைக் கட்டிவிடுங்கள், காற்று வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். வாயிலிருந்து குழாயின் விட்டம் அளவுக்கு உள்ளே சின்ன ஓட்டை போட்டு U டியூபின் ஒரு முனையைச் சொருகுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 36, 38 மி.மீ. வித்தியாசம் இருந்தால் வேகம் 25 மீட்டரைத் தொட்டுவிட்டது. சைக்கிள் டியூபைக் கட்டாமல் வெட்டிய வாயோடு அளந்தால் தண்ணீர் அதிகமாக ஏறி ஏமாற்றும், முதல் நாள் அப்படித்தான் ஏமாந்து டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

படி 3: எந்த ஹோஸ்

மோட்டார் கடையில் தொங்குகிற பச்சை சக்ஷன் ஹோஸ் வேண்டவே வேண்டாம். அது தண்ணீருக்கு. கனம், வளையாது, வெயிலில் நாள்பட்டால் விறைத்து வெடிக்கும். விலை குறைவு என்று வாங்கினேன், இப்போது அது தோட்டத்தில் கிடக்கிறது.

ஸ்பிரிங் கம்பி சுற்றிய பாலியூரித்தேன் ஹோஸ், கடையில் பி.யு. ஹோஸ் என்று கேட்டால் தருவார்கள். மண் உரசினாலும் தாங்கும். சுவர் 0.9 மி.மீ., 1.4 மி.மீ. என்று கிடைக்கும். தெரு வேலைக்கு 1.4 தான் என் கட்சி. விலை கூட, கனமும் கூட. ஆனாலும் காரணம் இருக்கிறது. மெல்லிய ஹோஸ் உறிஞ்சும்போது ஆர்மோனியத் துருத்தி மாதிரி நீளவாக்கில் சுருங்கும். என் 3 மீட்டர் ஹோஸ், மிஷின் ஓடும்போது இரண்டரை மீட்டராகிவிட்டது. வாயில் இலை ஒட்டி மூடிக்கொண்டால் இன்னும் மோசம். என் ப்ளோயர் அப்போது 400 மி.மீ. தண்ணீர் அளவுக்கு இழுக்கிறது, 125 மி.மீ. வாய்க்கு அது கிட்டத்தட்ட 5 கிலோ இழுப்பு. சோதனை ஓட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா, "கன்னுக்குட்டியக் கயித்துல புடிச்சாப்ல இழுக்குதுங்க தம்பி" என்றார். எட்டு மணி நேரம் கன்றுக்குட்டி பிடிக்க யாராலும் முடியாது. நீளத்தை மிஷின் ஓடும்போது அளந்து வெட்டுங்கள், நிறுத்தி வைத்து அளக்காதீர்கள். கடைசி ஒரு மீட்டருக்கு அலுமினியக் குழாயைப் பிடிக்குழாயாகப் போட்டுவிட்டால் சுருங்குகிற நீளமும் குறையும், பிடிக்கவும் வசதி. பிடிக்குப் பக்கத்தில் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு ஓட்டை வையுங்கள், வாய் ஒட்டிக்கொண்டால் கட்டைவிரலால் திறந்ததும் விட்டுவிடும்.

உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேடுபள்ளம் அதிகமான ஹோஸ் வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும். தேவைக்கு மேல் அரை மீட்டர்கூட வேண்டாம்.

படி 4: இணைப்பு (என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது)

விட்டம் சரி, வேகம் சரி, ஹோஸும் நல்ல ஹோஸ். ஆனாலும் அடைத்தது. ஒவ்வொரு தடவையும் டிரம்முக்குள் நுழைகிற இடத்தில்தான். ப்ளோயருக்குச் சக்தி போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிப் பெரிய ப்ளோயருக்கு விலை கேட்டுவிட்டேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் சும்மா ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு கிளிப்பைக் கழற்றிப் பார்த்தேன்.

டிரம்மில் வெல்டிங் செய்த இரும்புக் குழாய் மூக்கு, அதன்மேல் ஹோஸைத் தள்ளி ஏற்றிக் கிளிப் போட்டிருந்தேன். எல்லோரும் செய்வது அதைத்தான். ஹோஸ் வழியாக வருகிற குப்பைக்கு அந்த மூக்கின் விளிம்பு எதிரே நிற்கிறது, 3 மி.மீ. தான், ஆனால் சுற்றிலும். அந்த விளிம்பில் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி ஒரு கேரி பேக்கின் காது மாட்டியிருந்தது. அதன் வயிற்றில் காற்று நிரம்பிக் குடை மாதிரி விரிந்து, பின்னால் வந்த டீ கப் ஏழெட்டு, மல்லிகை நார், ஒரு வாழை இலை எல்லாம் அதில் அடுக்கி வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தன.

மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மேலே இருந்து வருகிற குழாய் கீழ்க் குழாயின் சாக்கெட்டுக்கு உள்ளே இறங்கும். தலைகீழாக மாட்டினால் பிளம்பர் திட்டுவார். இங்கேயும் அதே சட்டம்தான்: குப்பை எங்கிருந்து வருகிறதோ அது உள்ளே, எங்கே போகிறதோ அது வெளியே. பிடிக்குழாய் ஹோஸுக்குள் போகலாம், அது சரியான திசை. ஹோஸ் டிரம்முக்குச் சேரும் இடத்தில் ஹோஸ்தான் மூக்குக்கு உள்ளே போக வேண்டும்.

எப்படிச் செய்தேன்: பழைய மூக்கை கிரைண்டரில் அறுத்துவிட்டு, 140 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை டிரம்மில் பொருத்தினேன். உங்கள் ஹோஸின் வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்துவிட்டுக் குழாய் வாங்குங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோஸ் முனையில் சைக்கிள் டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டி இறுக்கமாகச் சுற்றி, குழாய்க்குள் ஒரு சாண் தள்ளி, வெளியே இரண்டு டாகிள் கிளாம்ப் (நெம்பி மூடுகிற பூட்டு). காற்றுக் கசிவு இல்லை. அடைத்தால் ஐந்து வினாடியில் கையோடு வந்துவிடும். ஸ்குரூ திருகுகிற ஹோஸ் கிளிப்பைத் தெருவில் திறந்து மூடச் சொல்வது பாவம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம், சின்னதாகத் தெரிந்தாலும் விடாதீர்கள். ஹோஸைக் கத்தியால் வெட்டிக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியதும் கம்பி முனை உள்பக்கமாகத் திரும்பி நிற்கும், அதுவும் ஒரு ஆணிதான். வெளிப்பக்கமாக மடக்கி விடுங்கள். அப்புறம், வாயிலிருந்து டிரம் வரை விட்டம் எங்கேயும் குறையக் கூடாது, கூடலாம். என் பிடிக்குழாய் உள்விட்டம் 118 மி.மீ., ஹோஸ் 125, மூக்கு அதைவிடப் பெரிது. வாயில் நுழைந்தது வழியில் நிற்கக் காரணமே இல்லை. பெரிய பொருள் வந்தால் வாயிலேயே நிற்கும், கண்ணுக்குத் தெரியும், குச்சியால் தட்டிவிடலாம்.

படி 5: வாய்

குழாயைச் சாய்வாக வெட்டினால் போதும். ஆனால் தரையில் அழுத்திப் பிடித்தால் காற்று நின்றுவிடும், காற்று நின்றால் ஹோஸில் பாதி வழியில் வருகிற குப்பையும் அங்கேயே விழும். அதனால் விளிம்பில் 20 மி.மீ. ஆழத்துக்கு நாலு வெட்டு போடுங்கள். தரையில் வைத்தாலும் மூச்சு விடும். சின்ன சக்கரம் மாட்டுவதும் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை, நூல் சுற்றிக்கொள்கிறது.

படி 6: தொங்கவிடுவது, எர்த்

வண்டியில் ஒரு கம்பம் நட்டு, ஸ்பிரிங்கில் ஹோஸின் நடுப்பகுதியைத் தொங்கவிடுங்கள். கனம் தோளில் ஏறாது. முக்கியமாக, ஹோஸ் நடுவில் தொட்டில் மாதிரி தொய்யக் கூடாது, ஈரக் குப்பையும் மண்ணும் அங்கேதான் தங்கும். வாய்தான் எப்போதும் தாழ்ந்த இடமாக இருக்க வேண்டும்.

காய்ந்த தூசியும் பிளாஸ்டிக்கும் உரசிப் போகும்போது ஹோஸில் மின்னேற்றம் சேரும், பிடித்திருப்பவர் கையில் சுரீர் என்று அடிக்கும். ஹோஸின் இரண்டு முனையிலும் கம்பியை இரண்டு இன்ச் உரித்து, ஒன்றைப் பிடிக்குழாயிலும் மற்றதை வண்டிச் சட்டத்திலும் இறுக்குங்கள். ரப்பர் சக்கரம் என்றால் பெட்ரோல் லாரி மாதிரி தரையில் உரசுகிற சங்கிலி ஒன்று.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்கு

இதைச் செய்து பார்த்த இருவர், ஆறு மாதத்தில் ஹோஸ் ஒரே இடத்தில் ஓட்டையாகிறது என்றார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் மண் அறைந்துகொண்டே இருக்கும், அங்கேதான் தேயும். கிளாம்பைத் திறக்கும்போது ஹோஸைக் கால் சுற்று திருப்பி மாட்டுங்கள், வண்டி டயரை மாற்றிப் போடுவது மாதிரி.

இன்னொருவர் ஸ்குரூ கிளிப்பை விட மனமில்லை, பழைய இரும்பு மூக்கையே வைத்துக்கொள்ளலாமா என்றார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்துக் கத்தி மாதிரி அரத்தால் தேய்த்து, கடைசியில் எமரி தாள் போடுங்கள். அடைப்பு குறையும், நிற்காது. அவரே இரண்டு வாரத்தில் 140 குழாய் வாங்கிவிட்டார்.

அடைப்பு எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தாமல் கை விடாதீர்கள். குப்பை ப்ளோயர் இறக்கை வழியாகப் போகிற வகை மிஷின் என்றால் இதை இரண்டு தடவை படிக்கவும்.

ராத்திரி ஹோஸை மடித்துப் போடாமல் கழற்றி வாய் கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள், ஈரம் வடியும். பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தால் சாம்பார் வாசனைக்கு எலி வரும். எனக்கு 1.4 மி.மீ. சுவரிலேயே விரல் நுழைகிற ஓட்டை போட்டுவிட்டது, இப்போது உத்திரத்தில் கட்டுகிறேன்.