கூரை மழையைக் கிணற்றடி நிலத்துக்குள் இறக்குவது எப்படி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து, அடுத்த மாரி வரை கிணற்றுக்கு வருகிறது. அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மணலைப் போல அது அழுக்கை வடிக்காது. மேலே விட்டது அப்படியே கிணற்றுக்குப் போய்விடலாம். ஆகவே கூரைத் தண்ணீரை மட்டும், வடிகட்டி, கிடங்குக்கு (கல் நிரப்பிய ஊறுகுழிக்கு) விடுங்கள். முற்றத்துத் தண்ணீரும் ஒழுங்கை வெள்ளமும் வாழையடியில் மண்ணோடு ஊறட்டும்.

முதலில் கணக்கு. 1000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 93 லீற்றர். 50 மில்லிமீற்றர் கொட்டினால், தெறிப்பதும் ஓட்டில் ஊறுவதும் கழித்து, கிட்டத்தட்ட 4000 லீற்றர் வரும்.

கூரை விளிம்பில் தண்ணீரைச் சேர்க்கும் பீலிக்கு 10 அடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதும். சரிவு இல்லாவிட்டால் வேப்பஞ்சருகு தேங்கி, நுளம்பு பெருகும். பீலி வாயில் கம்பிவலை போடுங்கள்.

இறங்கு குழாயில் ஒரு ரீ (T வடிவ இணைப்பு) வைத்து, அதன் கீழ்வாயை 200 லீற்றர் பரலுக்கு (பீப்பாய்க்கு) திருப்புங்கள். கூரைத் தூசியும் காக்கை எச்சமும் முதல் 2 மில்லிமீற்றர் மழையோடு வந்துவிடும். அதற்கு இந்தப் பரல் அளவாக இருக்கும். பரல் நிறைந்ததும் தண்ணீர் தானாக வடிகட்டிக்கு ஓடும். பலர் பரலுக்குப் பதில் 110 மில்லிமீற்றர் குழாய்த்துண்டு ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். ஒரு மீற்றர் குழாய் 9 லீற்றர்கூடக் கொள்ளாது. அது வெறும் கண்துடைப்பு. பரலின் அடிக்குழாயை மெல்லச் சொட்டும்படி விட்டால் அடுத்த மழைக்குள் வெறுமையாகும். இறுக்கிப் பூட்டிவிட்டால் இரண்டாம் மழையின் அழுக்கு நேரே உள்ளே போகும்.

வடிகட்டித் தொட்டி 3 அடி நீளம், 3 அடி அகலம். அடியில் ஓர் அடி உயரத்துக்கு 2 அங்குலக் கல், அதன்மேல் ஓர் அடி அரை அங்குலச் சல்லி, பிறகு நுளம்பு வலை, மேலே ஓர் அடி கழுவிய பருமணல். வலை இல்லாவிட்டால் மணல் சல்லிக்குள் இறங்கி, தொட்டியின் அடியிலிருந்து கிடங்குக்குப் போகும் குழாயை அடைக்கும். கடல்மணல் உப்பு. வடமராட்சியின் மணற்காட்டு மணல் மிக நுண்ணியது, அதுவும் அடைக்கும். (அந்த மணல்மேடுகளை அள்ளாமல் விடுவதும் நல்லது.) தொட்டியின் விளிம்பருகே ஒரு வழிவுக்குழாய் வைத்து, மிஞ்சுவதைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள்.

கிடங்கு வெட்டும் இடத்தைத் தெரிவதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. மலகூடக் குழியிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். மார்கழியில் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, கிடங்கின் அடி அதற்கு 3 அடி மேலே நிற்கும்படி வெட்டுங்கள். மாரியில் தண்ணீர் மேலே வந்துவிடும் பள்ளமான வளவுகளுக்குக் கிடங்கு சரிவராது. பாத்தி கட்டித் தேக்குவதே போதும்.

வெட்டத் தொடங்கும்போதே சோதியுங்கள். 2 அடி ஆழத்தில் ஓர் அடி தண்ணீர் நிரப்பி ஒருமணி நேரம் பாருங்கள். ஓர் அங்குலமும் குறையாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். குறைந்தால் 4 அடிக்கு 4 அடி, 5 அடி ஆழம் வெட்டிப் பெரிய கல்லால் நிரப்பலாம். கல்லிடுக்கில் 900 லீற்றர் அளவு நிற்கும்; மிச்சம் பெய்யப் பெய்ய ஊறவேண்டும். மேலே மூடி அவசியம்.

குழாயை நேரே கிணற்றுக்குள் விடச் சொல்லும் மேசன்மாரும் உண்டு. வடிகட்டி ஒருநாள் பழுதானாலும் அன்றே குடிதண்ணீர் கெட்டுவிடும், கிடங்குதான் மேல்.

புரட்டாசியில் பீலியைக் கூட்டி, மணலின் மேல் 2 அங்குலத்தை வழித்தெடுத்துப் புதுமணல் போடுங்கள். மாரியிடையே மழை விட்டு நெடுநேரமாகியும் தொட்டியில் தண்ணீர் நின்றால் அந்த மேல்மணல் அடைத்துவிட்டது. கம்பியால் கிளறாமல் வழித்தே எடுங்கள், கிளறினால் சேறு கீழே சல்லிக்குள் போய்விடும்.