மீ லா பி! பேட்டரி கணக்கு காணாமல் போனால் என்ன செய்வது?

கரண்ட் வந்தால் ரங்கூனில் தெருவே கத்தும்: "மீ லா பி!" பர்மியத்தில் விளக்கு வந்துருச்சு என்று அர்த்தம். அடுத்த நிமிஷம் தண்ணீர் மோட்டார் ஓடும். வீட்டில் இருக்கிற போன், பவர் பேங்க், சார்ஜ் லைட் எல்லாம் ஒரே பிளக் பாக்ஸில் வரிசையாகத் தொங்கும். அரிசி வேகிறதோ இல்லையோ, போன் ஏற வேண்டும்.

போன வாரம் எங்கள் அத்தை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அனோரதா ரோடு காளி கோவிலுக்குப் போகிற வழியில் நான்காவது மாடியில் குடியிருப்பவர். லிஃப்ட் கிடையாது, இருந்தாலும் ஓடாது.

"தம்பி, சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. எது தின்னுதுன்னு பாக்க நீ சொன்ன இடத்துக்குப் போனா, அங்க ஒண்ணுமே இல்ல. வெள்ளையா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். சொன்னது சரிதான். பேட்டரி பக்கம் திறக்கிறது, ஆனால் வரைபடமும் இல்லை, ஆப் பட்டியலும் இல்லை. சில மணி நேரம் கழித்துத்தான் தகவல் கிடைக்கும் என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் கீழே கிடந்தது. போன் கெட்டுப்போய்விட்டது என்றே அத்தை முடிவு கட்டியிருந்தார். போனுக்கு ஒன்றுமில்லை. அவர் சார்ஜ் போடுகிற முறைதான் கணக்கை அழித்துக்கொண்டே இருந்தது. கரண்டைத் துரத்திக்கொண்டு வாழும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

பற்று நோட்டு மாதிரி

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. திரை இவ்வளவு, வீடியோ ஆப் இவ்வளவு, நெட்வொர்க் இவ்வளவு என்று ஒவ்வொருவர் பெயரிலும் பற்று எழுதிக்கொண்டே வரும். இந்த நோட்டுக்குச் சில விதிகள் உண்டு. அது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சார்ஜர் சொருகியிருக்கும்போது நோட்டு மூடியிருக்கும். பேட்டரியில் ஓடும் நேரத்தை மட்டும்தான் அது எழுதும். பவர் பேங்க், சோலார், இன்வெர்ட்டர் எதுவாக இருந்தாலும் போனுக்கு அது சார்ஜர்தான். பவர் பேங்கை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டே சீரியல் பார்த்தால், அந்த இரண்டு மணி நேரமும் கணக்கில் வராது.

அடுத்த விதிதான் அத்தையை மாட்டிவிட்டது. பேட்டரி முழுதாக நிறைந்தோ, 90 சதவீதத்தைத் தொட்டோ இருக்கும்போது சார்ஜரைப் பிடுங்கினால் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதுப் பக்கம் போடும். 20க்குக் கீழே இறங்கிய போனை 80க்கு மேல் ஏற்றிப் பிடுங்கினாலும் அதே கதைதான். 'கடன் அடைந்தது, புதுக் கணக்கு' என்று அது நினைத்துக்கொள்கிறது.

அத்தையின் ஒரு நாளைப் பாருங்கள். விடியற்காலை கரண்ட் வந்ததும் சொருகுகிறார். 95இல் பிடுங்குகிறார். புதுப் பக்கம். முற்பகல் திரும்ப கரண்ட் வருகிறது. 70இல் இருந்த போனை 96 வரை ஏற்றிப் பிடுங்குகிறார். மறுபடி புதுப் பக்கம். நடுவில் பவர் பேங்க் வேறு. எப்போது திறந்து பார்த்தாலும் நோட்டில் இரண்டு வரிகூட இருக்காது.

இது ஆண்ட்ராய்டின் அடிப்படைக் கணக்கு. அதை எப்படித் திரையில் காட்டுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, கடைசி 24 மணி நேரத்தைக் காட்டும்படி மாற்றியது, பலர் முணுமுணுத்தார்கள். அப்புறம் வந்த பதிப்புகளில், கடைசியாக முழு சார்ஜ் ஆனதிலிருந்து என்கிற கணக்கு திரும்பி வந்தது. சாம்சங் தனியாகச் சில நாட்களின் கணக்கை வைத்துக் காட்டும். அதனால் உங்கள் திரையும் பக்கத்து வீட்டுக்காரர் திரையும் ஒரே மாதிரி இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

படி 1: சரியான பக்கத்தைத் திறங்கள்

அமைப்புகளுக்குள் போய் பேட்டரி, அதற்குள் பேட்டரி உபயோகம். பழைய சாம்சங் என்றால் பேட்டரி மற்றும் சாதனப் பராமரிப்பு என்பதற்குள் இருக்கும். ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களிலும் பேட்டரி என்று ஒரு வரி அமைப்புகளில் கண்டிப்பாக உண்டு. போன் பர்மிய மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம். பர்மியத்திலும் பேட்டரியை ஏறக்குறைய அப்படியேதான் சொல்கிறார்கள், பக்கத்தில் பேட்டரி படமும் இருக்கும். இல்லையென்றால் அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் தட்டிப் பார்க்கலாம்.

பக்கத்தின் மேலே இருக்கும் சதவீதத்தையும், இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற வரியையும் பார்த்துவிட்டு 'கணக்கு இல்லை' என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. இன்னும் ஒரு தட்டு உள்ளே போங்கள்.

படி 2: ஒரு முழு ஓட்டம் விடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் முக்கியம். மீதி எல்லாம் இதற்கு அப்புறம்.

கரண்ட் இருக்கும்போது போனை முழுதாக ஏற்றுங்கள், 100 வரை. பிடுங்குங்கள். அந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இனி 30 சதவீதம் வரை எதையும் சொருகக் கூடாது. சார்ஜரும் வேண்டாம், பவர் பேங்கும் வேண்டாம், மகன் வீட்டுச் சோலாரும் வேண்டாம். வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். சிக்கனமாகப் பயன்படுத்திக் காட்டினால் கணக்கும் பொய்யாகத்தான் வரும்.

கேட்க எளிது, செய்வது கஷ்டம். தெரு முழுக்க "மீ லா பி" என்று கத்தும்போது, 62 சதவீதத்தில் இருக்கும் போனைச் சொருகாமல் உட்கார்ந்திருக்க ஒரு மனதைரியம் வேண்டும். வெளியே போகிற வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பவர் பேங்கைத் தனியாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம், போனில் மட்டும் சொருகாதீர்கள்.

சில மணி நேரம் கழித்து பேட்டரி உபயோகப் பக்கத்தைத் திறங்கள். பட்டியல் வந்திருந்தால் போனில் குறை இல்லை. படி 6க்குத் தாவிவிடலாம்.

படி 3: மணியைப் பாருங்கள்

ஒரு முழு ஓட்டம் விட்ட பிறகும் வெள்ளையாகவே இருந்தால் அடுத்து நான் பார்ப்பது கடிகாரம். வரைபடம் நேரத்தை வைத்து வரையப்படுவது. நேரம் முன்னும் பின்னும் குதித்தால், போன் பதிவுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நம் மியான்மர் நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அந்த அரை மணிதான் வில்லங்கம். தாய்லாந்து ஏழு, இந்தியா ஐந்தரை. பேங்காக்கிலிருந்து மகன் அனுப்பிய போன் அரை மணி நேரம் வேகமாக ஓடும், சென்னையிலிருந்து வந்தது ஒரு மணி நேரம் பின்தங்கும். நேர மண்டலத்தை மாற்றாமல், முள்ளைத் திருப்புகிற மாதிரி மணியை மட்டும் கையால் மாற்றி வைத்திருப்பார்கள். அமைப்புகளில் தேதி, நேரம் என்ற பக்கத்துக்குப் போய், நேரத்தையும் நேர மண்டலத்தையும் தானாக அமைக்கும்படி விட்டுவிடுங்கள். சிக்னல் இல்லாமல் அது சரியாக எடுக்கவில்லை என்றால் மண்டலத்தை யாங்கோன் (நம் ரங்கூன்தான்) என்று தேர்ந்தெடுங்கள். அப்புறம் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

படி 4: எதையாவது முடக்கினீர்களா?

இடம் போதவில்லை என்று போனோடு வந்த ஆப்களை முடக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பேட்டரி கணக்குக்கு உதவுகிற ஆப்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. கூகுளின் பிக்சலில் அது சாதன ஆரோக்கியச் சேவை, சாம்சங்கில் சாதனப் பராமரிப்பு. அமைப்புகளில் ஆப் பட்டியலைத் திறந்து, சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லி, முடக்கப்பட்டவற்றைப் பாருங்கள். இவை இருந்தால் திரும்ப இயக்குங்கள். இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் பக்கம் காலி என்றால், அதே ஆப்பின் சேமிப்பகப் பகுதியில் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழித்துப் பாருங்கள். தரவை அழி என்ற பொத்தானை அழுத்தினால் பழைய கணக்கும் போய்விடும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

போனில் இடமே இல்லாவிட்டாலும் பதிவுகள் எழுதப்படாமல் போகலாம். வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற 'காலை வணக்கம்' படங்களை அழித்தாலே பலருக்கு ஒரு ஜிபி கிடைக்கும், சோதித்துப் பாருங்கள்.

நேற்றுதான் சிஸ்டம் அப்டேட் போட்டீர்கள் என்றால் எதையும் தொடாதீர்கள். அப்டேட்டுக்குப் பிறகு பழைய கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்குவது சகஜம். ஒரு நாள் பொறுங்கள்.

படி 5: ஐபோன்காரர்களுக்கு

அமைப்புகள், பேட்டரி. பல ஆண்டுகளாகக் கடைசி 24 மணி நேரம், கடைசி 10 நாள் என்று இரண்டு பொத்தான்கள் அங்கே இருந்தன. புதிய பதிப்புகளில் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கிறது. போனைப் புதிதாக அமைத்தாலோ, அப்டேட் போட்டாலோ, கொஞ்ச நேரம் பயன்படுத்திய பிறகு தகவல் வரும் என்று சொல்லிக் காலியாக நிற்கும். தேதி, நேரத்தைத் தானாக அமைக்க விடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், ஐபோன் 8இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பிறகு பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். படங்கள், எண்கள் எதுவும் அழியாது.

படி 6: பட்டியல் வந்தது, தேடுகிற ஆள் இல்லை

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: ஆப்கள் ஒரு பக்கம், சிஸ்டம் ஒரு பக்கம். பட்டியலின் தலையில் ஒரு சின்னக் கீழ்நோக்கு அம்பு இருக்கும், கண்ணில் சட்டென்று படாது. அதைத் தட்டினால்தான் திரை, மொபைல் நெட்வொர்க், வைஃபை எல்லாம் தெரியும். பழைய பதிப்புகளில் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, முழுச் சாதன உபயோகத்தைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத் தின்ற ஆப் அடியில் கிடக்கும், அல்லது காட்டவே படாது.

செய்ய வேண்டாதவை

பேட்டரியைச் சீரமைக்கிறேன் என்று சொல்லும் ஆப்களை நிறுவாதீர்கள். அந்தக் கணக்குக் கோப்பை அழித்தால் பேட்டரி கூடுதலாக நிற்கும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் ஓடியது. 2012இலேயே ஆண்ட்ராய்டை உருவாக்கிய குழுவில் இருந்த டயான் ஹாக்பார்ன், அந்தக் கோப்புக்கும் பேட்டரி ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை, எது எவ்வளவு தின்றது என்று காட்ட மட்டும்தான் அது இருக்கிறது என்று எழுதிவிட்டார். பற்று நோட்டைக் கிழித்தால் கடையில் சரக்கு கூடுமா?

தனி ஆப் வேண்டும் என்றால் அக்யூபேட்டரி போன்றவை உண்டு. ஆனால் நிறுவிய நேரத்திலிருந்துதான் அவை எண்ண ஆரம்பிக்கும், நேற்றைய கதையைச் சொல்லாது. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், சிஸ்டத்தின் உள் நோட்டைப் படிக்கும் அனுமதி சாதாரண ஆப்களுக்குக் கிடையாது. டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் சில போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறந்து, எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்தினீர்கள் என்று காட்டும். எல்லாப் போனிலும் வராது, வந்தாலும் அங்கே வேறு எதையும் தட்ட வேண்டாம்.

முழுதாக அழித்துப் புதிதாக்குவதை ஒரு வெற்றுப் பக்கத்துக்காகச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. எதுவுமே ஓடவில்லை என்றால், மணிக்கு ஒருமுறை சதவீதத்தைச் சீட்டில் எழுதுங்கள். எந்த மணியில் சடாரென்று இறங்குகிறதோ, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யோசித்தால் போதும்.

அத்தைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு ஓட்டம் விட்டார். மாலையில் நான் போனபோது பட்டியல் வந்திருந்தது. ஆப்கள் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் சந்தேகப்பட்ட வீடியோ ஆப் நடுவில் எங்கேயோ கிடந்தது. அம்பைத் தட்டி சிஸ்டம் பக்கத்துக்குப் போனேன். முதல் வரியில் மொபைல் நெட்வொர்க்.

காரணம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. கரண்ட் போனால் டவரும் திணறும். சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும், போன் முழுப் பலத்தோடு டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க அத்தை தூங்க, போன் தூங்கவில்லை.

"அப்ப ராத்திரி அந்த விமானப் படத்த அமுக்கிட்டுப் படுக்கணுமா?"

"ஆமா அத்தை. அவசரத்துக்கு யாரும் கூப்பிடுவாங்கன்னா மட்டும் வேண்டாம்."

யோசித்தார். அதற்குள் கீழே தெருவில் சத்தம் கேட்டது. அத்தையின் கை தானாகச் சார்ஜரைத் தேடிப் போனது. போன் 41இல் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சார்ஜரைப் பவர் பேங்கில் சொருகினார்.