பள்ளிப் பாதுகாப்புக் கருவிகள் செய்யும் நிறுவனம்: தொடங்குவதும் நடத்துவதும்

பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை செய்தியாவதில்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கும், மாடிக் கிராதியில் தலை மாட்டிக்கொள்ளும், ஆய்வகத்தில் அமிலம் கண்ணில் தெறிக்கும், ஈரத் தரை வழுக்கிவிடும். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேமராவையும் முகமறியும் மென்பொருளையும்தான் முதலில் நினைக்கிறார்கள். பெற்றோரின் பயம் அவற்றை எளிதாக விற்றுக் கொடுக்கும். பிள்ளைகளைக் காப்பதுதான் நோக்கம் என்றால் காயப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்து பள்ளிகளிலாவது கடைசி இரண்டு வருட முதலுதவிப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். இடம், நேரம், வயது, காயம்பட்ட உறுப்பு, காரணமான பொருள் ஆகிய ஐந்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தலைமையாசிரியரோடு நிறுத்திவிடாமல் வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், விளையாட்டு ஆசிரியர் ஆகியோரிடமும் பேசுங்கள். எந்தக் கதவு இறுகியிருக்கிறது, எந்த அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தில் மூன்று பள்ளிகளில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் முதல் வேலை.

அதற்குக் கருவிதான் தீர்வா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அப்படிப்பட்ட கட்டடத்துக்குப் புதுக் கருவி விற்பது துரோகம். அங்கே மாற்ற வேண்டியது கூரையும் வெளியேறும் வழியும்தான். வாங்க வருகிற பள்ளியிடம் இதை நேராகச் சொல்லத் துணியாத நிறுவனத்துக்கு நோக்கம் என்ற சொல் பொருந்தாது.

முதல் கருவி: ஒரே ஒன்று

வகுப்பறைக் கதவுப் பூட்டை எடுத்துக்கொள்வோம். வெளியாள் நுழைவதைத் தடுக்கவேண்டும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் அடைபடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றை மறந்தவர்கள்தான் கதவுக்குக் குறுக்கே போடும் தடுப்புக் கம்பிகளையும் தரையில் செருகும் முளைகளையும் விற்கிறார்கள். தீ பிடித்தால் புகையில் அந்த முளையைத் தேடிக் கழற்ற வேண்டும். ஒரு பிள்ளையை உள்ளே வைத்துத் துன்புறுத்துகிறவன் கையில் அதே கம்பி கிடைத்தால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 101 நெறி வகுப்பறைப் பூட்டுக்குச் சொல்லும் நிபந்தனைகளை எந்த நாட்டிலும் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்: கதவைத் திறக்காமலே பூட்ட வேண்டும்; உள்ளிருந்து சாவியோ கருவியோ தனி அறிவோ இல்லாமல் திறக்க வேண்டும்; வெளியிலிருந்து பொறுப்பாளர் சாவியால் திறக்க முடிய வேண்டும்; கைப்பிடி தரையிலிருந்து 34 முதல் 48 அங்குலத்துக்குள், ஏறத்தாழ 865 முதல் 1220 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் கணக்கு. வரைபடம் போடும் நாளிலேயே அந்த அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். பாகங்களை வார்க்கும் அச்சு வெட்டிய பிறகு போனால் அச்சுக்கான பணம் வீண்.

வெளியேறும் கதவின் தள்ளுகம்பி இந்தத் தொழிலுக்கே நல்ல பாடம். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கில் தீ பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கதவுகள் பூட்டியிருந்தன. சில கதவுகளின் தாழ் எப்படித் திறக்கும் என்றே கூட்டத்துக்குத் தெரியவில்லை. அன்று அந்த நாடகத்துக்குப் போக இருந்து வேலையால் தவறவிட்ட கார்ல் பிரின்ஸ்லர் இரும்புச் சாமான் விற்பனையாளர். ஹென்றி டுபான்ட் என்ற கட்டடக் கலைஞரோடும் வானகட் நிறுவனத்தோடும் சேர்ந்து, உடம்பு சாய்ந்தாலே திறக்கும் கம்பியைக் கொண்டுவந்தார். மூவர் பெயரும் சேர்ந்ததுதான் வான் டுப்ரின். இன்றைய ஐரோப்பிய இ.என். 1125 தரம் அந்தச் சிந்தனையை எண்ணாக்கி வைத்திருக்கிறது: சாதாரணமாக 80 நியூட்டன் (விசையின் அலகு) அளவுக்குள் தள்ளினாலே திறக்க வேண்டும், 1000 நியூட்டன் அழுத்தம் கதவின் மேல் சாய்ந்திருக்கும்போதும் 220 நியூட்டனுக்குள் திறக்க வேண்டும். கூட்டம் நெருக்கும்போது தாழ் இறுகிக்கொள்ளும் என்பதால்தான் இரண்டாவது எண்.

மாதிரியும் சோதனையும்

பிளாஸ்டிக் பாகங்களுக்கு எஃகு அச்சு வெட்ட அவசரம் வேண்டாம். முதல் 10 மாதிரிகளை முப்பரிமாண அச்சுப்பொறியிலும் இயந்திரத்தில் கடைந்தும் செய்யுங்கள். அடுத்த 50-க்கு அலுமினிய அச்சு போதும். வடிவம் மூன்று முறையாவது மாறும்.

பரபரப்பான வகுப்புக் கதவு ஒரு நாளில் 100 முறை திறந்து மூடினால், 200 பள்ளி நாளில் 20,000. பத்து வருடத்தில் 2 லட்சம். இ.என். 1125-இன் மேல்நிலை உழைப்புச் சோதனையும் 2,00,000 சுற்றுதான். காற்றழுத்த உருளை, எண்ணி, நிலைச்சட்டத்தோடு ஒரு பழைய கதவு இருந்தால் சோதனை மேசையை நீங்களே அமைத்துவிடலாம். ஒவ்வொரு 10,000 சுற்றுக்கும் ஸ்ப்ரிங் தராசால் திறக்கும் விசையை அளந்து எழுதுங்கள். விசை மெல்ல ஏறிக்கொண்டே போனால் தாழ்நாக்கு தேய்கிறது. ஒரேயடியாக மாறினால் ஸ்ப்ரிங் உடைந்திருக்கலாம்.

மேசையில் வராத கோளாறுகள் பள்ளியில் வரும். சாவித் துவாரத்தில் சூயிங்கமும் குச்சியும் போகும். கைப்பிடியில் பிள்ளைகள் தொங்குவார்கள். அதைக் கதவோடு பிடிக்கும் திருகுகள் தளர்வது இதனால்தான், எனவே மரத்திருகு வேண்டாம், கதவை ஊடுருவும் போல்ட் போடுங்கள். காரம் மிகுந்த துப்புரவுத் திரவம் பாலிகார்பனேட் மூடியில் விரிசல் விடும். கீல் பக்க இடுக்கில் விரல் நசுங்காமல் தடுக்கும் காப்பு செய்கிறவர்கள் வெயில்படும் கதவில் சாதாரண பி.வி.சி. நொறுங்குவதைப் பார்ப்பார்கள், புற ஊதா தாங்கும் கலவையைக் கேட்டு வாங்குங்கள். பட்டன் பேட்டரியைத் தவிருங்கள்: குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் மூடிக்குத் திருகு கட்டாயம். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) கீழே என்று ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வகச் சான்று வாங்குங்கள்.

சோதனைப் பள்ளிகள் மூன்று போதும், ஆனால் ஒரு முழு கல்வியாண்டு. அலாரம் என்றால் பொய் அழைப்புகளை எண்ணுங்கள். அடிக்கடி தவறாக அலறும் கருவியைப் பள்ளி ஓசைப்படாமல் அணைத்துவிடும். அதன் பிறகு அது இல்லாததைவிட மோசம், ஏனென்றால் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நோக்கத்தைக் காகிதத்தில் வைப்பது

சுவரில் மாட்டும் வாசகம் நெருக்கடியில் உதவாது. நிறுவன விதிமுறையிலேயே, லாபமும் பாதுகாப்பும் மோதினால் இயக்குநர்கள் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதுங்கள். முதலீட்டாளர் வருவதற்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் முடியாது. அமெரிக்காவில் மேரிலாந்து 2010-இல் இதற்கென்றே தனி நிறுவன வகையைச் சட்டமாக்கியது. உங்கள் நாட்டில் அப்படி இல்லாவிட்டால் பங்குதாரர் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

இதைவிட முக்கியம், தர ஆய்வாளருக்குச் சரக்கு வெளியே போவதை நிறுத்தும் அதிகாரம். அவர் விற்பனைத் தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது. அவர் நிறுத்தினால் யாரும் கேட்காமலே லாரி நிற்க வேண்டும். விற்பனைக்காரருக்கு ஆர்டர் எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் தேவையில்லாத பள்ளிக்கும் விற்பார். பொருத்தி ஆறு மாதம் கழித்து ஆய்வில் தேறும் கருவிகளுக்குக் கொடுங்கள்.

விலை, பணம்

பள்ளிகள் ஆண்டு பட்ஜெட்டில் வாங்கும். பணம் வந்து சேர இரண்டு முதல் நான்கு மாதம் இழுக்கும். எனவே எட்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் உற்பத்தியைப் பெருக்காதீர்கள். பணமுடையில்தான் மலிவுத் திருகு உள்ளே நுழையும். விலை போடும்போது பாகங்கள், பொருத்துதல், பயிற்சி, ஐந்து வருடப் பழுதுபார்ப்பு, சான்றிதழ், பொறுப்புக் காப்பீடு எல்லாவற்றையும் சேருங்கள். பாகங்களின் செலவைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே விற்றால் மூன்றாம் வருடம் பழுதுபார்க்க ஆள் அனுப்பப் பணம் இருக்காது.

ஒவ்வொரு கருவிக்கும் அழியாத வரிசை எண் பொறித்து, எந்த பேட்ச், எந்தப் பள்ளி, எந்த அறை என்று பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டைப் பிறகு சோதித்துப் பார்க்க எடுத்து வையுங்கள். குறை தெரிந்தால் அன்றே எல்லாப் பள்ளிகளுக்கும் தொலைபேசி, மறுநாள் எழுத்தில்: என்ன குறை, இப்போதைக்கு என்ன செய்வது, மாற்று எப்போது வரும். வருடத்துக்கு ஒரு முறை ஒரு பேட்ச்சைத் தேர்ந்து ஒத்திகை பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் எத்தனை அறைகளைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். ஒரு கருவியின் உற்பத்தியை நிறுத்தினாலும் அதன் உதிரிப் பாகங்களைப் பத்து வருடம் இருப்பில் வையுங்கள்.