சொந்தச் செலவில் போட்ட புத்தகம் சேலம் கடைகளில் ஏற

கடைக்காரரிடம் கதைச்சுருக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். புத்தகம் கைக்குப் போனதும் பின்னட்டையைத் திருப்பி விலை பார்ப்பார், அப்புறம் முதுகைப் பார்ப்பார். அலமாரியில் வெளியே தெரிவது அது மட்டும்தானே! சேர்வராயன் மலைப் பாதைகளைப் பற்றி நான் போட்ட புத்தகம் 112 பக்கம். முதுகில் தலைப்பு எப்படியோ அடங்கிவிட்டது. மெலிந்த புத்தகத்தை முதுகே இல்லாமல் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுபோனால் இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போகும்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை அச்சுக்குப் போகும் முன்பே வாங்குங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. இணையத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகர் எதற்கு?

விலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடைக்கு 35 சதவீதம் கழிவு, அதாவது கமிஷன், என்று வையுங்கள். 150 ரூபாய் புத்தகத்தில் உங்கள் கைக்கு வருவது 97.50. அச்சுச்செலவு 60 என்றால் மிச்சம் 37.50. அதில்தான் பஸ், பார்சல், கிழிந்த பிரதி எல்லாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு நிம்மதி.

போணி ஆகும் முன் கடைப்படி ஏறாதீர்கள். கடனுக்குச் சரக்கு எடுக்கும் பேச்சை அந்த நேரத்தில் யார் ரசிப்பார்கள்? பதினொன்றரை மணி வாக்கில் போங்கள். பள்ளி திறக்கும் ஜூனில் வேண்டவே வேண்டாம், நோட்டு வாங்கும் கூட்டத்தில் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து பிரதி போதும். விற்றபின் பணம் என்றால் கார்பன் வைத்து இரண்டு படி எழுதுங்கள்: தலைப்பு, விலை, கழிவு, எண்ணிக்கை, கணக்குத் தீர்க்கும் தேதி, அழுக்கானால் யார் பொறுப்பு. கடை முத்திரையும் கையெழுத்தும் உங்கள் படியில் இருக்கட்டும். சிரித்த முகத்தோடு கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பரு?" என்ற ஒரு கடையில்தான் என் பணம் இன்னும் நிற்கிறது.

ஏற்காட்டில் புத்தகக் கடையையே தேடாதீர்கள். காபித்தூள், மிளகு விற்கும் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டம் அங்கேதான் பர்ஸைத் திறக்கும். மழைக்காலம் தொடங்கியதும் மிச்சப் பிரதிகளைக் கீழே இறக்கிவிடுங்கள், மேலே ஈரத்தில் அட்டை சுருண்டுவிடும்.