உயிலில் சொத்தைப் பிரிப்பது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

உயில் எழுதும் நாளுக்கும் அது நடைமுறைக்கு வரும் நாளுக்கும் நடுவே இருபது வருடம் ஓடிவிடலாம். அதற்குள் வீடு கைமாறும், கடன் சேரும், வாரிசு ஒருவர் முந்திப் போய்விடுவார். இவற்றையும் நினைத்து எழுதினால்தான் பிள்ளைகளுக்குள் வழக்கு வராது.

1. பட்டியல் போடுங்கள். சொத்து, கடன் இரண்டும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆவணம் யார் பெயரில் இருக்கிறது என்று குறியுங்கள். கூட்டுச் சொத்தில் உங்கள் பாகத்துக்கு மேல் எழுதினால் அது செல்லாது.

2. சட்டம் எவ்வளவு விடுகிறது என்று பாருங்கள். பிரான்சில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கே. மீதி ஒரு பங்கைத்தான் விருப்பப்படி கொடுக்கலாம். இஸ்லாமியச் சட்டத்தில் கடனும் அடக்கச் செலவும் போக, மூன்றில் ஒரு பங்குவரைதான் உயில் எழுதலாம்.

3. பொருளாகப் பிரிக்காமல் பாகமாகப் பிரியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். வீட்டின் மதிப்பு 60, வங்கியில் 30 என்று வையுங்கள். மகளுக்கு வீடு, மகனுக்குப் பணம் என்று எழுதுகிறீர்கள். பிறகு வைத்தியத்துக்குப் பணம் கரைந்து 10 ஆகிறது, வீடு 100-க்கு ஏறுகிறது. மகனுக்குப் பத்துதான். வீட்டையே விற்றிருந்தால் பொதுவாக மகளுக்கு அந்தக் கொடை இல்லாமலே போகும்.

இப்படி எழுதலாம்: “கடனும் செலவும் போக மீதி முழுவதும் இருவருக்கும் சம பாகம். மகள் விரும்பினால் வீட்டை அன்றைய மதிப்பில் தன் பாகத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டின் மதிப்பு தன் பாகத்தைவிடக் கூடினால் வித்தியாசத்தை ஆறு மாதத்துக்குள் தம்பிக்குத் தர வேண்டும்.” மேலே சொன்ன கணக்கில் மொத்தம் 110, ஆளுக்கு 55. மகள் வீட்டை எடுத்துக்கொண்டு 45 கொடுப்பாள். மதிப்பிடுபவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

4. இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்: முந்தைய உயில்கள் ரத்து, ஒருவர் எனக்கு முன் இறந்தால் அவர் பாகம் யாருக்கு, இதில் குறிப்பிடாத சொத்தெல்லாம் யாருக்கு. கடைசி வரி இல்லையென்றால், பிறகு வாங்கிய சொத்து உயிலுக்கு வெளியே நிற்கும்.

5. உயிலில் எழுதியபடி எல்லாவற்றையும் செய்து முடிக்கும் நிறைவேற்றுநரை நியமியுங்கள். அவரால் முடியாமல் போனால் பார்க்க இன்னொருவர் பெயரும் வேண்டும். இருவரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள்.

6. கையெழுத்து. இங்கிலாந்தின் 1837 சட்டப்படி நீங்கள் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒன்றாக அங்கே இருக்க வேண்டும். இந்தியாவின் 1925 வாரிசுரிமைச் சட்டமும் குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. ஆனால் அவர்கள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. எங்கே எழுதினாலும் மூவரும் கையெழுத்து முடியும்வரை அறையை விட்டு நகராமல் இருப்பதே பாதுகாப்பு. பங்கு பெறுபவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். இங்கிலாந்தில் உயில் நிற்கும், அவர் பங்கு போய்விடும். எழுதுபவர் வயதானவர் அல்லது நோயாளி என்றால், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றை அதே நாளில் வாங்கி வையுங்கள்.

7. அசல் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுநருக்குத் தெரிய வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு அடித்துத் திருத்தாதீர்கள், தாள்களில் உள்ள ஸ்டேப்பிள் பின்னைக்கூடக் கழற்றாதீர்கள். பக்கம் மாற்றினார்களோ என்ற கேள்வி வரும். சிறு மாற்றத்துக்கு, பழைய உயிலோடு சேர்த்து வைக்கும் இணைப்பு உயில் போதும், அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். பாகங்களே மாறினால் புதிதாக எழுதுங்கள். திருமணம் ஆனதும் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்: சில நாடுகளில் திருமணமே பழைய உயிலை ரத்தாக்கிவிடும்.